ஒண்ணுமே பண்ணலையே டாக்டர்!

உங்கள் பையன் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான். முழங்காலில் சிராய்ப்பு. என்ன செய்வீர்கள்? கழுவித் துடைத்து மருந்து போடுவீர்கள். பிளாஸ்திரி ஒட்டுவீர்கள். ‘பாத்து ஓட்டுடான்னு எத்தனை தடவை சொல்றது’ என்று முதுகில் ஒன்று வைப்பீர்கள். அத்தோடு விஷயம் முடிந்தது.

சட்டையைத் தூக்கி அவன் வயிற்றைப் பார்ப்பீர்களா?

மாட்டீர்கள். நானும் பார்க்கிற ஆளாக இருக்கவில்லை, 2018 மே மாதம் வரை.

என் தங்கை மகனுக்கு அப்போது 9 வயது. தென் மாவட்டத்து நகரம் ஒன்றில் இருக்கிறார்கள். கோடை விடுமுறை. அப்பாவின் பெரிய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் விழுந்தான். மெதுவாக வந்துதான் விழுந்தான். ஆனால், விழுந்தபோது ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. அந்த முனையில் இருக்க வேண்டிய ரப்பர் எப்போதோ கழன்று போயிருந்தது. ரத்தம் வரவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புத் தடம். அவ்வளவுதான்.

வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. சொன்னால் அடி விழும்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றான். வாந்தி எடுத்தான். இடது தோள் வலிக்கிறது என்றான். என் அம்மா தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, ‘குடலேத்தமா இருக்கும். எண்ணெய் போட்டு வழிச்சு விட்டா சரியாப் போயிடும்’ என்றார். வழித்துவிடுகிற பாட்டி அன்றைக்கு ஊரில் இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். அந்த மணமக்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தெருவில் இருந்த கிளினிக்கில் வாந்திக்கு ஓர் ஊசி, வலிக்கு மாத்திரை. சட்டையைத் தூக்கிப் பார்க்க அங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் பையன் வெளிறிப்போய், கை சில்லிட்டு, சுருண்டு படுத்துவிட்டான். அப்புறம்தான் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம்.

தங்கை எனக்குப் போன் செய்தாள். ‘அண்ணா, உடனே ஆபரேஷன் பண்ணி மண்ணீரலை எடுத்துடணுமாம். அது இல்லாமலும் வாழலாமாம். கையெழுத்துப் போடச் சொல்றாங்க.’

நான் பி.காம். படித்தவன். மண்ணீரல் இடப்பக்கமா, வலப்பக்கமா என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. முன்பு ஒரு பேட்டிக்காகச் சந்தித்த குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரின் நம்பர் கையில் இருந்தது. கூப்பிட்டேன். ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று அவர் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். டிரிப்ஸ் ஏற்றிய பிறகு நாடித் துடிப்பு இறங்கியதா? இறங்கி அங்கேயே நிற்கிறதா? ராத்திரி முழுக்கக் குழந்தையைக் கவனிக்க ஆளும், தேவைப்பட்டால் ஏற்ற ரத்தமும் அங்கே இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தது. மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. டாக்டர் துணையோடு ஆம்புலன்ஸில், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

நான் ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். வார்டு வாசலிலேயே மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘மச்சான், வந்ததிலேர்ந்து ஒண்ணுமே பண்ணலை. சும்மா படுக்க வெச்சிருக்காங்க. நீங்க பத்திரிகைன்னு சொல்லிக் கொஞ்சம் சத்தம் போடுங்க.’

போட்டேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பணியில் இருந்த இளம் பெண் மருத்துவரிடம், ‘ஒண்ணுமே பண்ணலையே டாக்டர்’ என்று குரலை உயர்த்தினேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். முதல் சில மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர், கை சூடாக இருக்கிறதா சில்லென்றிருக்கிறதா... எல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின். அவரே பலமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த குறிப்புகள். ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயார். ஆபரேஷன் தியேட்டருக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது.

ராத்திரி பூராவும் ஒரு கட்டம்கூட விட்டுப் போகவில்லை. இதைத்தான் நாங்கள் ‘ஒண்ணுமே பண்ணலை’ என்றோம்!

ஆபரேஷன் நடக்கவில்லை. ஆறாம் நாள் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். மண்ணீரல் அவனோடுதான் இருக்கிறது.

இந்த ‘ஒண்ணுமே பண்ணாத’ வைத்தியத்துக்காகத்தான் இந்த வாரம் சண்டை. மருத்துவமனைகளோடு கொஞ்சம். உங்களோடு நிறைய.

குழந்தையின் வயிற்றைப் பெரியவர் வயிற்றின் சின்ன சைஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. நமக்குக் கல்லீரலையும் மண்ணீரலையும் விலா எலும்பு மூடிக் காக்கிறது. குழந்தைக்கு அந்த உறுப்புகள் உடம்பின் அளவுக்குப் பெரியவை. விலாவுக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவை. மேலே போர்வை மாதிரி இருக்க வேண்டிய கொழுப்பும் தசையும் மெலிசு. விலா எலும்போ வளைந்து கொடுக்கும். எலும்பு முறியாமல், தோல் கிழியாமல், உள்ளே மட்டும் கிழியும். வெளியே காயம் இல்லையே என்ற நம் ஆறுதலுக்கு ஓர் அர்த்தமும் இல்லை.

அடுத்தது ரத்தக் கணக்கு. கணக்கு என்றால் எனக்குப் பிடிக்கும். குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 20 கிலோ குழந்தை என்றால் மொத்தம் 1,600 மில்லி. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் தெரியுமல்லவா? அந்த ஒரு பாக்கெட் அளவு ரத்தம் வயிற்றுக்குள் கசிந்தால், மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. அவ்வளவு போகும்வரைகூட ரத்த அழுத்தம் நார்மல் என்று காட்டலாம். குழந்தையின் இதயம் வேகமாகத் துடித்து, கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொண்டு சமாளிக்கும். சமாளிக்க முடியாமல் போகும்போது சட்டென்று சரியும். அதனால்தான் அந்த டாக்டர் பி.பி. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் நாடியைக் கேட்டார். கை ஏன் சில்லிட்டது என்று இப்போது புரிகிறதா?

தோள் வலி? கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடியில் போய் உறுத்தினால், அந்த வலி தோளில் தெரியும். நரம்பு வழி அப்படி. மண்ணீரல் கிழிந்தால் இடது தோள். நாங்கள் தைலம் தேய்த்தது அதற்குத்தான்.

அந்தப் பாட்டி ஊரில் இருந்து, எண்ணெய் போட்டு வயிற்றை வழித்துவிட்டிருந்தால்? கிழிந்த மண்ணீரலின் மேல் உறைந்து அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை விரல் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று அப்புறம் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. முகத்தால் சொன்னார். குடலேற்றம், தொக்கம் என்று அடிபட்ட குழந்தையின் வயிற்றில் கை வைக்கும் பழக்கத்தைப் பாரம்பரியம் என்று சொல்லி யாரும் என்னிடம் வக்காலத்துக்கு வராதீர்கள்.

சரி, மண்ணீரல் இல்லாமலும் வாழலாமா? வாழலாம். எப்படி என்பதுதான் கேள்வி. நோபல் பரிசு வாங்கிய ஸ்விட்சர்லாந்து சர்ஜன் தியோடர் கோக்கரே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்ணீரலை எடுத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் எழுதினார். 1952-ல் அமெரிக்காவின் கிங்கும் ஷுமாக்கரும், மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததை வெளியிட்டார்கள். சில வகை பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதே மண்ணீரல்தான். அது போய்விட்டால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது ஒரு நாளுக்குள் உயிரைக் குடிக்கலாம். அடிக்கடி நடக்காது. ஆனால், அந்த பயம் ஆயுளுக்கும் போகாது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட வேண்டும். குழந்தைக்கு வருஷக்கணக்கில் தினமும் பென்சிலின். எந்தக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். எங்கள் கணக்கு பாஷையில் சொன்னால், ஆபரேஷன் முன்பணம் மட்டும்தான். இ.எம்.ஐ. ஆயுள் முழுக்க.

எடுக்காமலே ஆற்றலாம் என்று காட்டியதில் ஓர் இந்தியருக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாவின் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் 1940-களிலேயே சில சர்ஜன்கள் கத்தியை எடுக்காமல் காத்திருந்து பார்த்தார்கள். அங்கே பணியாற்றிய புருஷோத்தம் உபாத்யாயா, சிம்ப்ஸனுடன் சேர்ந்து 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளின் மண்ணீரல் காயத்தில் ரத்தக் கசிவு பல சமயம் தானாகவே நின்றுவிடுகிறது என்று அது பேசியது. அதே வருஷம், குரங்குகளின் மண்ணீரல் காயம் தானாக ஆறுவதைக் காட்டும் ஆய்வையும் அவர் வெளியிட்டார். பிறகு டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் அவர். அப்போது உலகம் உடனே நம்பிவிடவில்லை. இன்று ரத்த ஓட்டம் நிலையாக இருக்கும் குழந்தைகளில், மண்ணீரல், கல்லீரல் காயங்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் கத்தி தேவைப்படுவதில்லை. இது உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் இந்தியர் ஒருவர் எழுதிய பாடம், 2018-ல் என் தங்கை கையெழுத்துப் போட வேண்டிய தாளுக்கு ஏன் வந்து சேரவில்லை?

என் பதில் கொச்சையாக இருக்கும். காத்திருப்பதற்கு பில் போட முடியாது.

அந்தத் தனியார் மருத்துவமனையில் பையன் இருந்த சில மணி நேரத்துக்கான பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவசரப் பிரிவுக் கட்டணம், ஸ்கேன், லேப், ஊசி, மருந்து, கையுறை. கையுறைக்கு ஒரு வரி இருக்கிறது. கூடவே உட்கார்ந்து கவனித்ததற்கு ஒரு வரி இல்லை. பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை. ஆபரேஷனுக்கு என்ன ரேட் என்று எந்த கவுன்ட்டரிலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ராத்திரி முழுக்க ஒரு நர்ஸ் கண் கொட்டாமல் இருப்பதற்கு என்ன ரேட் என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த சர்ஜனைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டில் ஒரே ஒரு நர்ஸ், ரத்த வங்கி வேறொரு இடத்தில் என்ற நிலைமையில் இருக்கும் சர்ஜனுக்குக் காத்திருப்பது சூதாட்டம். வெட்டி எடுத்துவிட்டால் அவருக்குத் தூக்கம் வரும். ஆனால், ‘இங்கே வசதி இல்லை, இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறேன்’ என்று சொல்லியிருக்கலாமே. நாங்கள் கேட்ட பிறகுதான் அது நடந்தது. கேட்கத் தெரியாதவர்களுக்கு?

இனி உங்களோடு சண்டை.

டாக்டர் ஊசி போடாவிட்டால் ‘சரியாப் பாக்கலை’ என்கிறோம். ஸ்கேன் எழுதாவிட்டால் ‘விவரம் இல்லாத டாக்டர்’ என்கிறோம். காத்திருக்கலாம் என்று சொன்னால், சொல்பேச்சு கேட்காமல் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு இன்னோர் இடத்துக்கு ஓடுகிறோம். ஏதாவது ஆகிவிட்டால் நாற்காலியை உடைக்கிறோம். மருத்துவமனைகளைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அது நமக்குக் கிடைத்த மெடல் இல்லை. வாசலில் நாற்காலியோடு கூட்டம் நிற்கும்போது எந்த டாக்டருக்குப் பொறுமை வரும்?

ஸ்கேன் மோகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 20 மருத்துவமனைகள் சேர்ந்து, உடம்பில் அடிபட்டு வந்த 12,044 குழந்தைகளைக் கவனித்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வயிற்றுக் காயத்துக்கு உடனடி சிகிச்சை தேவைப்பட்டது 203 பேருக்கு. அந்த ஆய்வு ஏழு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. வயிற்றில் அடியின் தடமோ சீட் பெல்ட் தடமோ இருக்கிறதா? நினைவு மங்கியிருக்கிறதா? தொட்டால் வலிக்கிறதா? நெஞ்சுக்கூட்டில் அடி உண்டா? வயிறு வலிக்கிறது என்கிறதா? மூச்சுச் சத்தம் குறைந்திருக்கிறதா? வாந்தி எடுத்ததா? ஏழுக்கும் ‘இல்லை’ என்றால், உடனடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அந்தக் குழந்தைக்கு சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் வேண்டியதில்லை. வளரும் உடம்பில் தேவையில்லாத கதிர்வீச்சு எதற்கு?

இந்த ஏழையும் பார்க்க என்ன மெஷின் வேண்டும்? ஒரு ஸ்டெதாஸ்கோப். மற்றதெல்லாம் கண், கை, வாய். என் மருமகனுக்கு வயிற்றில் தடம் இருந்தது, வாந்தி இருந்தது. அவனுக்கு ஸ்கேன் அவசியம்தான். சட்டையைத் தூக்கியிருந்தால் காலையிலேயே அது தெரிந்திருக்கும். தேவையானவனுக்கு மத்தியானம்வரை கிடைக்காத ஸ்கேன், தேவையில்லாத குழந்தைகளுக்குக் கேட்டவுடன் கிடைக்கிறது. கூத்து!

‘அப்போ எல்லாக் குழந்தையையும் சும்மா படுக்க வைத்தால் போதுமா?’ என்று யாராவது குதர்க்கமாகக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். போதாது. ரத்தம் ஏற்ற ஏற்ற நாடி இறங்காத குழந்தைக்குக் காத்திருத்தல் என்பது கொலை. குடல் ஓட்டையாகிவிட்டால் ஆபரேஷன்தான். ஹேண்டில்பார் குத்தினால் கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு வைத்து நசுங்கலாம். அதன் அறிகுறி ஒரு நாள் கழித்தும் வரலாம். முதல் ஸ்கேனில் தெரியாத குடல் காயமும் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார்கள். கவனிப்பது என்றால், கத்தி பக்கத்து அறையில் தயாராக இருக்க, எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே கவனிப்பது.

என் கோரிக்கைகள் ரொம்பச் சின்னவை.

ஒன்று: குழந்தை விழுந்தது என்றால் முதலில் திட்டாதீர்கள். எங்கே அடிபட்டது என்று கேளுங்கள். அடிக்குப் பயந்து அவன் மறைத்த அந்த ஒரு ராத்திரி எங்களுக்கு எவ்வளவு விலையாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் குலை நடுங்குகிறது.

இரண்டு: சட்டையைத் தூக்கிப் பாருங்கள். தடம், வயிற்று வலி, வாந்தி (பச்சையாக வந்தால் இன்னும் மோசம்), தோள் வலி, வெளிறிய முகம், சில்லிட்ட கை, வீங்கும் வயிறு, சிறுநீரில் ரத்தம், குனிந்தபடி நடப்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் தெரு கிளினிக் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் சோடா, பால், காபி எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றைத் தேய்க்காதீர்கள்.

மூன்று: கிளினிக் டாக்டர்களுக்கு. வலிக்கு மருந்து கொடுப்பது தப்பில்லை. குழந்தை வலியில் துடிக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வயிற்றைப் பார்க்காமல் வலியை மட்டும் அடக்கி வீட்டுக்கு அனுப்புவதுதான் தப்பு.

நான்கு: அரசாங்கத்துக்கு. புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுகிறீர்கள், ஸ்கேன் மெஷினுக்கு ரிப்பன் வெட்டுகிறீர்கள். ராத்திரி ஷிப்டில் கூடுதலாக இரண்டு நர்ஸ் போட்டால் வெட்டுவதற்கு ரிப்பன் கிடைக்காதுதான். ஆனால், மண்ணீரல்களைக் காப்பாற்றுவது அவர்கள்தான்.

ஐந்து: ஹேண்டில்பார் முனைக்கு ரப்பர் போடுங்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் கூட்டிப்போனால் சேஃப்டி பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஸ்கூட்டரின் முன்னால், ஹேண்டில்பாருக்கு நேராக வயிற்றை வைத்துப் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டு நீங்கள் போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது நீங்களும் அப்படி ஒரு வார்டு வாசலில் நிற்க நேரலாம். நேரக் கூடாது, நேரலாம். ‘ஒண்ணுமே பண்ணலையே’ என்று வாய்வரைக்கும் வரும். அப்போது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டங்கள் நிரம்பியிருந்தால், வாயை மூடிக்கொண்டு அந்த நர்ஸுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

காலியாக இருந்தால் சத்தம் போடுங்கள். போன் பண்ணுங்கள், நானும் வந்து போடுகிறேன்.